பதினாலாம் எண் ரேகை

மந்திரமூர்த்தி அண்ணாச்சி இன்று சிறையில் இருப்பதற்கு நான்தான் காரணம். போலீஸில் போய்ச் சொன்னேன். அவர்கள்கூட நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களிடம் 'முறை' என்று ஒரு வழக்கம் உண்டு. முறை வந்தவர் சாப்பிடப் போயிருந்தால் இன்னொருவர் அந்த முறையில் உட்கார்ந்துவிடுவார். யாரும் பெயர் கேட்பதில்லை. தென்காசியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா என்ன? ஆராய்ச்சி என்று வந்ததும் மறந்து தொலைத்துவிட்டேன்.

பல்கலைக்கழகத்தில் தடய அறிவியலில் பிஎச்.டி. செய்கிறேன். எண்ணெய் படிந்த விரல்ரேகை இந்த ஊர் ஈரத்தில் எத்தனை நாள் நிற்கும் என்பது என் தலைப்பு. மார்ச் மாதம், கூட்டமில்லாத நேரம் பார்த்து, ஒரு லாட்ஜ் முதலாளியிடம் கெஞ்சி இரண்டு அறைகளை வாங்கினேன். தொழிலாளர்கள் இருபது பேருக்கு எண் கொடுத்து, முதல் நாள் அட்டையில் மை வைத்து ரேகை எடுத்தேன். மறுநாள் ஒவ்வொருவராக எண்ணெய்க் கையோடு வந்து, நான் காட்டிய இடத்தில் விரலை அழுத்திவிட்டுப் போனார்கள். நான் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எத்தனாம் நம்பர்?" என்று மட்டும் கேட்டு டிக் போட்டுக்கொண்டே இருந்தேன்.

பதினாலாம் எண்ணுக்கு ஆறாம் அறை பீரோக் கதவின் உட்பக்கம். படம் எடுத்து ஒப்பிட்டபோது அந்த ரேகை அட்டையோடு பொருந்தவில்லை. யாருடையது என்று தேடியிருக்கலாம். தேடவில்லை. முடிவு அழகாக வர வேண்டும் எனக்கு. நோட்டில் '14, பொருந்தவில்லை, நீக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் படத்தையும் அழித்தேன். ஜூனில் மற்ற பத்தொன்பது இடங்களையும் சுத்தமாகத் துடைத்து அறைகளை ஒப்படைத்தேன். பட்டியலில் இல்லாத இடத்தைத் துடைக்கத் தோன்றவில்லை.

ஜூலைச் சாரலில் அந்த ஆறாம் அறையில் தங்கிய குடும்பத்தின் தங்கச் சங்கிலி பீரோவிலிருந்து காணாமல் போனது. கதவின் உட்பக்கத்தில் போலீஸுக்கு ஓர் எண்ணெய் ரேகை கிடைத்தது. தேய்த்துவிடுகிற எல்லோருடைய ரேகையையும் வாங்கிப் பார்த்தார்கள். மந்திரமூர்த்தியுடையது அச்சாகப் பொருந்தியது. அவர் மனைவி இராமலட்சுமி மேலகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து என் வீட்டு வாசலில் நின்றபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

"கணேசமூர்த்திதான் உங்க பதினாலு. அன்னைக்கு அவருக்குக் கிராக்கி வந்துட்டுன்னு இவரு அந்த முறையில வந்துருக்காரு. நீங்க வைக்கச் சொல்லித்தானே கைய வச்சாரு? அத மட்டும் வந்து சொல்லுங்க மேடம்."

என் வழிகாட்டி, பேராசிரியர் சிவசுப்பிரமணியனுக்கு போன் செய்தேன். "போய்ச் சொல்லும்மா, சொல்லத்தான் வேணும். ஆனா உன் கையில படமும் இல்லை, அவர் பேரும் இல்லை" என்றார். அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே பேசினார். என் நோட்டை இரண்டு தடவை படித்தார்.

"நீங்க பொய் சொல்லுதீங்கன்னு நான் சொல்லலம்மா. இதுல மந்திரமூர்த்தி பேரு எங்கன இருக்கு?"

"இல்ல சார். கணேசமூர்த்தி பேருதான் இருக்கு."

"கணேசமூர்த்தியும் நேத்து வந்து, நான்தான் அவன அனுப்புனேன்னு சொன்னான். சேக்காளி அப்படித்தான் சொல்லுவான். சரி, இந்த ரேகை மார்ச்சுல வச்சதா, ஜூலையில வச்சதா? ஒங்க படிப்ப வச்சு அதச் சொல்ல முடியுமா?"

"நாலு மாசம் அழியாம இருக்கும்னு சொல்லலாம் சார். எப்ப வச்சதுன்னு சொல்ல முடியாது."

"யாரு சொல்லுவா?"

"இப்போதைக்கு யாராலயும் முடியாது சார்."

அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுங்க. கேஸ் கட்டோட சேத்து அனுப்புதேன். கோர்ட்டு பாத்துக்கிடட்டும்."

மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். வெளியே வந்தபோது மந்திரமூர்த்தியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர்தான் தப்பு செய்தவர் போல விளக்கம் சொன்னார். "நீங்க நம்பர்தான் கேட்டீய மேடம். பதினாலு முறைன்னு சொன்னேன். பேரக் கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

ஜீப் கிளம்பிப் போனது. சாரலில் நனைந்துகொண்டு இராமலட்சுமி அங்கேயே நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் படத்த ஏன் அழிச்சீய?" என்றாள்.

"தப்பான ரேகைன்னு நெனச்சிட்டேன்."

அவள் முகத்தில் வழிந்த சாரலைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்பான ரேகையா? நீங்க காட்டுன எடத்துலதானே மேடம் வச்சாரு?"