மாமியார், மாப்பிள்ளை, மூன்று துண்டு சால்மன்

அந்த வீட்டில் மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை என்பதே வந்ததில்லை. பேசிக்கொண்டால்தானே சண்டை வரும்? கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது இரண்டே வாக்கியங்கள்.

"சாப்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை. நீங்க?"

அதற்கு மேல் ஒரு சொல் கூடிப்போனால் மரியாதை குறைந்துவிடும் என்று இருவருக்குமே பயம். அத்தை நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் பேச்சையெல்லாம் எழுதி எழுதியே அலுத்துப்போனதால், தன் பேச்சைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார். அவர் வீட்டில் பெயின்ட் வேலை நடந்ததால், அந்த வாசனை அடங்கும்வரை மகள் வீட்டில் தங்கலாமென்று பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார்.

மாப்பிள்ளை கட்டடங்களுக்குப் புகை அலாரம் பொருத்துகிறவன். தெருவில் அவனுக்குப் பேரே 'அலாரம்காரர்'தான். மற்ற விஷயங்களில் வாயில்லாப் பூச்சி. அலாரம் என்று வந்துவிட்டால் மட்டும் வாய் மூடாது. தான் குடியிருந்த அந்தச் சின்ன அடுக்குமாடியில் எல்லா வீட்டு அலாரங்களையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தான். ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். கத்தினால் எல்லோரும் தெருவுக்கு இறங்க வேண்டும், அவன் ஆள் எண்ணுவான். தன் வீட்டு அலாரத்தை அடுப்புக்கு நேர் மேலேயே மாட்டியிருந்தான். அது பொல்லாத மூக்குக்காரி. கடுகு வெடித்தால்கூட வீறிட்டு அழும். அன்றிலிருந்து அந்த வீட்டில் வறுவல், பொரியல் எல்லாம் போய், காய், முட்டை, கோழி அத்தனையும் வேகவைத்ததுதான்.

"இந்த வீட்ல இன்னும் வேகவைக்காதது தலையணை மட்டும்தான்" என்று மனைவி சொல்லாத வாரமில்லை.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அன்று மாப்பிள்ளைக்கு விடுமுறை, அவளுக்கு இல்லை. காலையில் சந்தைக்குப் போய் நல்ல சால்மனாகப் பார்த்து வாங்கி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். மத்தியானம் அவனுக்குப் போன் வந்தது. அவன் பால்கனிக்குப் போய் எடுத்தான்.

"என்னங்க, அந்த மீனை இன்னிக்கே சமைச்சிடுங்க. நாளைக்கு வெச்சா வீணாயிடும். ஒரே ஒரு விஷயம். அம்மா கையில குடுத்துடாதீங்க. அம்மா வறுத்தா மீன் செருப்புத் தோல் மாதிரி ஆயிடும். ஆனா அவங்க மனசு நோகக் கூடாது, ஆமா."

"நான் பாத்துக்கறேன்" என்றான் அவன், என்னவோ பெரிய பொறுப்பு கைக்கு வந்ததுபோல.

அவன் உள்ளே வந்தபோது அத்தையின் போன் அடித்தது. அத்தை அதைக் குளியலறைக்குள் எடுத்துப்போய்ப் பேசிவிட்டு, வெளியே வரும்போது இடுப்பில் ஒரு துண்டைச் செருகிக்கொண்டே வந்தார். நேரே சமையலறைக்குத்தான் நடந்தார். வாத்துப் படம் போட்ட ஏப்ரனை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

மீன் தட்டை அத்தை ஒரு பக்கம் பிடித்தார். அவன் மறுபக்கம் பிடித்தான்.

"நீங்க போய் உக்காருங்க அத்தை. கால் வலிக்கும்."

"கால் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. நீங்க போய்ப் படுங்க. வாரம் பூரா ஏணியில ஏறி இறங்கிருப்பீங்க."

"எனக்கு நின்னாத்தான் ஓய்வு அத்தை."

"எனக்கும் அப்படித்தான்."

தட்டு கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. கடைசியில் மரியாதை மரியாதையோடு சமாதானமாகி, இருவரும் சேர்ந்தே அதை மேடையில் வைத்தார்கள். மூன்று பேருக்கு மூன்று துண்டு என்று முடிவானது. அவன் வெட்டினான், அத்தை வெட்டுகிற இடத்தை விரலால் காட்டினார். அவன் தாளால் மீனின் ஈரத்தை ஒற்றினான். ஈரம் இருந்தால் தோல் மொறுமொறுப்பாக வராது என்று அவன் எங்கோ பார்த்திருந்தான். அவன் ஒற்றி முடித்ததை அத்தை இன்னொரு முறை ஒற்றினார்.

முதலில் ஒரு துண்டை மட்டும் செய்து பார்க்கலாம் என்று அதைத் தனியாக எடுத்து வைத்தார்கள். மூக்குக் கண்ணாடியை எடுக்க அத்தை அறைக்குப் போன சமயத்தில் அவன் அவசரமாக அதில் உப்பைத் தூவினான். எலுமிச்சம்பழம் எடுக்க அவன் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஏதோ சரசரவென்று கேட்டது. திரும்பிப் பார்த்தான். அத்தை ஜன்னல் வழியாக வானத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

அலாரத்துக்குப் பயந்து சின்னத் தீயில், மூடி போட்டு, மெதுவாக அந்தத் துண்டைச் சுட்டார்கள். பார்க்க லட்சணமாகத்தான் வந்தது. ஆளுக்கொரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார்கள்.

கடலையே சுண்டக் காய்ச்சி நாக்கில் ஊற்றியதுபோல் இருந்தது.

"எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"பிரமாதம் அத்தை." அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "உங்களுக்கு?"

"ருசி... எடுப்பா இருக்கு" என்றார் அத்தை, தண்ணீர் ஜாடியைத் தேடிக்கொண்டே.

"இன்னொரு வாய் எடுத்துக்குங்க அத்தை."

"ஐயோ, நீங்க எடுத்துக்குங்க. உங்களுக்குப் பிடிச்சிருக்கே."

இருவரும் இன்னொரு வாய் சாப்பிட்டார்கள். ஜாடி காலியானது. மிச்சத்தை ஒரு கிண்ணத்தில் போட்டு, செத்தவர் முகத்தை மூடுவதுபோல் பக்குவமாக மூடி வைத்தார்கள்.

இரண்டாம் துண்டுக்கு அவன் துணிந்துவிட்டான். சின்னத் தீ சரிப்படாது. வாணலி நன்றாகச் சூடேற வேண்டும், எண்ணெய் பளபளக்க வேண்டும், தோல் பக்கம் கீழே இருக்கும்படி மீனை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "தோல் மொறுமொறுன்னு ஆகற வரைக்கும் மீனைத் தொடவே கூடாது அத்தை. அதுவா வாணலியை விட்டுக் கிளம்பும்" என்றான். அவன் அத்தையிடம் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அத்தை வியந்துபோய்த் தலையாட்டினார். இந்தத் துண்டுக்கு உப்பு போடவேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. நாக்கில் இருந்த உப்பே இன்னும் தீரவில்லை.

மீன் வாணலியில் விழுந்தது. 'ஸ்ஸ்ஸ்' என்றது. ஒரு மெல்லிய நீலப் புகை, வழி தெரிந்த விருந்தாளி மாதிரி நேராக மேலே ஏறியது.

வீறிட்டது அலாரம். மேல் வீட்டில் வீறிட்டது. கீழ் வீட்டில் வீறிட்டது. எதிர் வீட்டு நாய் கூடச் சேர்ந்துகொண்டது.

பழக்கதோஷம் என்பது பொல்லாதது. அலாரம் கத்தினால் இறங்க வேண்டும், ஆள் எண்ண வேண்டும். அது வேலை பார்த்துப் பார்த்து அவன் உடம்பில் ஊறிப்போயிருந்தது. யோசிப்பதற்கு முன்னால் கால்கள் படியிறங்கிவிட்டன. தெருவில் போய் நின்ற பிறகுதான், கையில் மீன் திருப்பும் தட்டைக் கரண்டியும் உடம்பில் வாத்து ஏப்ரனும் இருப்பது அவனுக்கே தெரிந்தது.

குடியிருப்பவர்கள் எல்லோரும் அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே வரிசையில் வந்து நின்றார்கள். கீழ் வீட்டுக்காரர் கிளிக்கூண்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மேல் வீட்டம்மா பாதித் தலைக்கு மட்டும் மை பூசியபடி நின்றார். அவன் கரண்டியால் ஒவ்வொருவராகக் காட்டி எண்ணினான்.

"எல்லாரும் வந்தாச்சு. பயப்படாதீங்க."

"உங்க மாமியார் எங்க?" என்றார் கீழ் வீட்டுக்காரர்.

அவன் கரண்டியை நீட்டி, வரிசையை முதலிலிருந்து மறுபடி எண்ணினான்.

"கரண்டியை மறக்காம எடுத்துக்கிட்டு வந்திருக்காரு, பாருங்க" என்று எதிர் வீட்டு மாடியிலிருந்து யாரோ சொன்னார்கள்.

அவன் படியைப் பார்த்து ஓடினான். "திரும்ப உள்ள போகக் கூடாது! எதுக்காகவும் போகக் கூடாது!" என்று வரிசை மொத்தமும் அவன் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவனுக்கே ஒப்பித்தது. கிளியும் சொன்னது. அவன் நிற்கவில்லை.

அவன் மாடிக்கு ஏறுவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. சமையலறைக்குள் பாய்ந்தான். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. அடுப்புக்கு மேலே, அவன் உயிருக்குயிரான அலாரத்துக்கு அத்தை குளிக்கும்போது தலைக்குப் போடுகிற ரோஜா நிற ஷவர் கேப் மாட்டியிருந்தது. அத்தை கையைக் கட்டிக்கொண்டு வாணலியைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை! அது அந்தக் கத்து கத்துச்சே, நீங்க ஏன் இறங்கல?"

"நீங்கதானே மாப்பிள்ளை சொன்னீங்க, மொறுமொறுன்னு ஆகற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்னு? நானும் கிளம்பிட்டா யாரு நிக்கறது? கரண்டியையும் நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க. குடுங்க இப்படி."

அலாரத்தை மூடி வைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் முழங்கியவன் அவன். இப்போது சத்தமில்லாமல் கரண்டியை நீட்டினான். அத்தை அதை மீனுக்கு அடியில் விட்டார். ஒட்டாமல், வழுக்கிக்கொண்டு கிளம்பியது. தோல் பொன்னிறத்தில் அப்பளமாக முறுகியிருந்தது. மறுபக்கம் ஒரே ஒரு திருப்பு, மேலே எலுமிச்சை பிழிந்து, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை உப்பு.

நின்றபடியே வாணலியிலிருந்து பிய்த்துத் தின்றார்கள். தோல் நொறுங்கியது, உள்ளே சதை வெண்ணெயாக இதழ் இதழாகப் பிரிந்தது. கடைசித் துணுக்கை அத்தை அவன் பக்கம் தள்ளினார். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வயிறு நிறைந்த தைரியத்தில் கேட்டான்: "அத்தை, முதல் துண்டுல நீங்க உப்பு போட்டீங்களா?"

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போட்டேன்."

"நானும் போட்டேன்."

"தெரியும். நாக்கு சொல்லுச்சு."

"அப்புறம் ஏன் எடுப்பா இருக்குன்னு சொன்னீங்க?"

"நீங்க பிரமாதம்னு சொன்னீங்களே!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு உண்மையும் வந்துவிட்டது. "உங்க கையில மீனைக் குடுக்கக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு அத்தை. செருப்புத் தோல் ஆயிடும்னு..."

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு, அவளா? எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'அம்மா, அவர் கையில விட்டுடாதே. எதைக் குடுத்தாலும் வேகவெச்சே கொன்னுடுவாரு. ஆனா அவர் மனசு நோகக் கூடாது'ன்னா."

அத்தை சத்தம் போட்டுச் சிரித்து அவன் அன்றுதான் கேட்டான். நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து சிரித்தார்.

மூன்றாம் துண்டை அவளுக்கென்று ஒற்றுமையாகச் செய்தார்கள். ஓவனைச் சூடேற்றினார்கள். ஃபாயில் தாளில் மீனை வைத்து, வெண்ணெய், தட்டிய பூண்டு, வட்டமாக நறுக்கிய எலுமிச்சை எல்லாம் மேலே அடுக்கினார்கள். "உப்பு போடறேன்" என்று அவன் உரக்க அறிவித்தான். "போட்டாச்சு, பதிவு பண்ணியாச்சு" என்றார் அத்தை. பொட்டலமாக மடித்து உள்ளே தள்ளினார்கள். புகையில்லை, கூச்சலில்லை. பூண்டு வாசனை மட்டும் கதவிடுக்கு வழியாகப் படியிறங்கிப் போனது.

அது போன வேகத்தில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்தார், கிளியோடு.

"எல்லாம் பத்திரமா இருக்கான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். சொன்ன கையோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த மனுஷரைத் தெருவில் நிற்கவைத்த பாவம் இருக்கிறதே, போ என்று சொல்ல முடியுமா? ஒரு ஓரமாகக் கொஞ்சம் எடுத்து வைத்தார்கள். அவர் அதைச் சாப்பிட்டு, தலையை ஆட்டி, பேச்சுவாக்கில் பொட்டலத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கிளிக்கு எலுமிச்சை வட்டம் கிடைத்தது. அவர் போனபோது மேஜையில் எண்ணெய் மினுக்கும் தாள் மட்டும் கிடந்தது.

மணியைப் பார்த்தார்கள். அவள் வருகிற நேரம். வீட்டில் மிச்சம் இருந்தது மூடி வைத்த அந்த உப்பு மூட்டை ஒன்றுதான்.

"உருளைக்கிழங்கு இருக்கா மாப்பிள்ளை?"

"வேகவெச்சது நிறைய இருக்கு அத்தை. நம்ம வீடாச்சே."

துளி உப்பில்லாமல் கிழங்கை மசித்தார்கள். மீனை உதிர்த்து அதில் பிசைந்தார்கள். வெங்காயத்தாள், மிளகு, எலுமிச்சைத் தோலின் துருவல் கொஞ்சம். கிழங்கு அத்தனை உப்பையும் குடித்துவிட்டு நல்ல பிள்ளையாக நின்றது. அத்தை வடை மாதிரி தட்டிக் கொடுக்க, அவன் இருபக்கமும் சிவக்க வாட்டினான். அலாரம் ஷவர் கேப்புக்குள் வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

அவள் வந்தாள். பையைக்கூட இறக்காமல் ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடினாள். இன்னொன்றை எடுத்தாள்.

"ஐயோ, என்ன ருசி! உப்பு அப்படியே கச்சிதம். யாரு செஞ்சது இதை?"

"அவர்தான்" என்றார் அத்தை. "அத்தைதான்" என்றான் அவன். பிறகு இருவரும் சேர்ந்து அவள் பக்கம் திரும்பினார்கள்.

"இருக்கட்டும். மத்தியானம் எங்கிட்ட போன்ல என்ன சொன்ன?" என்றான் அவன்.

"எங்கிட்ட என்ன சொன்ன? வார்த்தை மாறாம அப்படியே படிச்சுக் காட்டட்டுமா?" என்றார் அத்தை.

அவள் மூன்றாவதை வாயில் அடைத்துக்கொண்டு, பேச முடியாது என்று கையால் ஜாடை காட்டினாள். பாத்திரமெல்லாம் அன்று அவள் தலையில்தான் விழுந்தது.

மறுநாள் அவனே ஏணி போட்டு அலாரத்தைக் கழற்றி, அடுப்புக்கு எட்டாத தூரத்தில், கூடத்துக்குப் போகிற வழியில் மாட்டினான். கேட்டவர்களிடமெல்லாம், "அங்கதான் மாட்டணும், இதுதான் முறை" என்று கூசாமல் சொன்னான். அத்தை வீட்டுப் பெயின்ட் காய்ந்து வாசனையும் போய்விட்டது. அத்தை மட்டும் கிளம்பவில்லை. சமையலறையில் மாமியாரும் மாப்பிள்ளையும் தினம் தினம் மல்லுக்கட்டுகிறார்கள்.

"பூண்டை இவ்வளவு பொடியா யாராவது நறுக்குவாங்களா மாப்பிள்ளை?"

"நீங்க நறுக்கினா அது பூண்டா அத்தை, செங்கல்லு!"

மனைவி கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள்.