லூர்துராணி சும்மா நின்றாள்

"என் லூர்து வராண்டாவுல வந்து சும்மா நின்னா போதும், ரெண்டாயிரம் பிள்ளைங்க கப்சிப். மரத்துல அணில் வாலாட்டாது. பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கே ஒருநாள், ஊதலாமா வேணாமான்னு யோசிச்சுச்சு."

மனைவி கிடந்த ஃப்ரீசர் பெட்டிமேல் கை வைத்தபடி அமிர்தராஜ் இதைச் சொன்னதும், அழுதுகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மகள் பெலிண்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, இன்னைக்குமா?" என்றாள்.

சிரிக்காதவர் ஜேக்கப் ஒருவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் லூர்துராணி ஓய்வு பெற்றதும், மண்ணச்சநல்லூரிலிருந்து வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்த தலைமையாசிரியர். மாலையை வைத்தார். இரங்கல் என்று ஆரம்பித்தார். மேடம் தங்கமானவங்கதான், ஆனால் ரொம்ப சாஃப்ட். பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. கேமரா, சஸ்பென்ஷன் என்று தாம்தான் பள்ளிக்கூடத்தை வழிக்குக் கொண்டுவந்தாராம். செத்தவள் எழுந்து பதில் சொல்லமாட்டாள் என்ற தைரியம். அமிர்தராஜுக்குக் காது சுட்டது.

அடக்கத்துக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி பெலிண்டா காலையிலேயே கேட்டிருந்தாள். முடியாதாம். அவிழ்த்துவிட்டால் கல்லறைத் தோட்டம் காந்தி மார்க்கெட் ஆகிவிடுமாம்.

"அவ கடைசி வரைக்கும் பிரம்பைத் தொட்டதில்ல, ஜேக்கப்."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். சும்மா நின்னா அடங்குச்சுங்கறது கதை."

கோயிலில் பூசை முடிந்து, பெட்டியை ஏற்றிய வண்டி பள்ளிக்கூடத் தெருவுக்குள் திரும்பியபோது சாப்பாட்டு நேரம். மலைக்கோட்டையே ஒரு அடி நகர்ந்து உட்காரும் அளவுக்கு இரைச்சல். முன்னாலேயே ஸ்கூட்டரில் வந்துவிட்ட ஜேக்கப் மைக்கில் சைலன்ஸ் சைலன்ஸ் என்று கத்தினார்; டி.சி.யைக் கிழித்துக் கொடுப்பேன் என்றார். மைக் கீச்சிட்டது. பிள்ளைகளும் அதேபோல் கீச்சிட்டுக் காட்டினார்கள்.

அமிர்தராஜ் கேட்டுக்கு நேராக வண்டியை நிறுத்தச் சொன்னார். பேண்டு வாத்தியத்தையும் நிறுத்தினார். பின்கதவைத் திறந்துவிட்டு, பக்கத்தில் கைகட்டி நின்றார். லூர்துராணி செய்ததும் இவ்வளவுதான். நிற்பாள். முதலில் பார்த்த பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் தோளைத் தொடவேண்டும், அது அடுத்ததை.

யாரும் பார்க்கவில்லை. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. ரெண்டு வருஷக் கேமரா அதையெல்லாம் துடைத்துப் போட்டிருந்தால்? ஜேக்கப் சொன்னதுதான் அவள் பேராக நிற்கும். ஆனாலும் அமிர்தராஜ் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அது அவள் வழி இல்லை.

குழாயடியில் டிபன்பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த ஒரு பத்தாம் வகுப்புப் பெண் நிமிர்ந்தாள். குழாயை மூடினாள். பக்கத்தில் நின்றவளின் தோளைத் தொட்டாள். அவள் தனக்கு அடுத்த பையனை. வேப்பமரத்தடி அடங்கியது. பிறகு மாடிப்படி. பிறகு சைக்கிள் ஸ்டாண்ட். லூர்துராணியைப் பார்த்தே இராத ஆறாம் வகுப்புகூட, தோளில் கை பட்டதும் எழுந்து நின்றது, சோற்றுக் கையோடு.

மைக் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

ஜேக்கப் மைதானத்தைக் கடந்து கேட்டுக்கு வந்தார். அவர் செருப்புச் சத்தம் அவருக்கே பெரிதாகக் கேட்டிருக்கவேண்டும். பாதி வழியில் கழற்றிவிட்டு நடந்தார். பெட்டியைப் பார்த்தார். திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார்.

"நிஜந்தான் சார்," என்றார் ஜேக்கப், பக்கத்தில் நின்ற டிரைவருக்குக்கூடக் கேட்காத குரலில். "நடந்துச்சு."