இடப்பக்கம் காணவில்லை

பூவிழி ஒன்றும் லேசுப்பட்ட ஆள் இல்லை. சென்னையில் ஏழு வருஷம் சாஃப்ட்வேர் சோதித்துப் பேர் வாங்கியவள். எழுதியவன் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் சரி, 'எல்லாம் பக்கா' என்று கொண்டுவந்து வைத்தால், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி அரை மணி நேரத்தில் பத்துக் குறை பொறுக்கிவிடுவாள். அப்படிக் குறை சொல்லிச் சொல்லியே ஒருத்தனைக் கல்யாணமும் பண்ணிக்கொண்டாள். அவன்தான் தமிழ்மாறன். இரண்டு பேரும் இப்போது திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் அவனுடைய ஊரில் வீட்டிலிருந்தே அதே கம்பெனிக்கு வேலை பார்க்கிறார்கள். அவன் எழுதுவான், அவள் சோதிப்பாள்.

பழைய நிலப் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து டைப் அடிக்கிற புரோகிராம் அது. திரையில் இரண்டு பாகம். இடது பக்கம் பத்திரத்தின் படம், வலது பக்கம் டைப் அடிக்கிற இடம். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. மவுஸால் அதைப் பிடித்து இழுத்தால் ஒரு பக்கம் அகலும், மறு பக்கம் ஒடுங்கும். பத்திரத்தில் இருக்கிற பொடி எழுத்து தெரியாதவர்கள் படத்தை அகலமாக்கிக்கொள்ளலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பக்கம் இவ்வளவுக்குக் கீழே ஒடுங்கக் கூடாது என்று எழுதிவைக்காவிட்டால், கோட்டை ஓரத்துக்கே இழுத்துவிடும்போது அந்தப் பக்கம் அடியோடு காணாமல் போய்விடும். பார்க்கிறவர்கள் அலறுவார்கள். தமிழ்மாறன் ஒன்பது வருஷத்துக்கு முன்பே அந்த அளவை எழுதிவைத்துவிட்டான். அந்தக் கோட்டில் மட்டும் பூவிழியால் இன்றுவரை ஒரு குறை கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

மாசி மாதம் ராஜராஜன் மகளுக்குக் காதுகுத்து. முத்துப்பேட்டை ரோட்டில் பெரிய மண்டபம். ராஜராஜன் தமிழ்மாறனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை. தமிழ்மாறனின் அப்பா ரெத்தினம் அந்த வீட்டுக் களத்தில் நெல் தூற்றிவிட்டு, கொல்லைப்பக்கம் நின்று கஞ்சி வாங்கிக் குடித்தவர். பிள்ளைகள் காலத்தில் அதெல்லாம் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

பெண்கள் பந்தி முடிந்து பூவிழி வெளியே வந்தபோது அவன் பைக்கின் மேல் உர்ரென்று உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, அதுக்குள்ள சாப்ட்டாச்சா?"

"ஏறு, போவலாம்."

பாதி வழியில்தான் வாயைத் திறந்தான். "பக்கத்து இலைக்கெல்லாம் வடை வச்சிருக்கான், லட்டு வச்சிருக்கான், அப்பளம் வச்சிருக்கான். எனக்கு எதுவும் கெடையாது. நம்ம இலை மட்டும் அவனுக்குக் கண்ணுக்குத் தெரியல பாரு. பாதியிலயே மூடிட்டு எந்திரிச்சிட்டேன்."

பூவிழிக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது. "இன்ஜினியரானாலும், ஏரோப்ளேன்ல பறந்தாலும் இவங்களுக்கு நாம அந்தத் தெருதான்! இனிமே அந்த ஆளு போன் பண்ணா எடுக்காதீங்க" என்றாள். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இந்த மாதிரி விஷயத்தை நம்புவதற்கு இவர்கள் தெருவில் யாருக்கும் சாட்சி தேவைப்பட்டதே இல்லை. வீட்டுக்குள் பைக்கை ஏற்றும்போது இடது கண்ணாடி கேட்டில் இடித்து உடைந்தது. கோபத்தில் ஓட்டினால் அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து முதல் டிக்கெட் வந்தது. கம்பெனிக் கணக்கில் ஒரு குறையைப் பதிந்தால் அதற்கு டிக்கெட் என்று பேர். சோதிக்கிறவர் பார்த்து, உண்டு என்றோ இல்லை என்றோ எழுதி மூடவேண்டும். தமிழ்மாறன் பதிந்திருந்தான்: 'இடப்பக்கம் காணவில்லை. கோடு தானாக ஓரத்துக்குப் போய்விடுகிறது.'

பூவிழி தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். பத்திரமும் இருந்தது, கோடும் நடுவில் இருந்தது. 'சோதித்தேன். குறை இல்லை. மூடுகிறேன்' என்று எழுதினாள்.

அடுத்த வாரம் மறுபடியும் அதே டிக்கெட். அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவனுடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பார்த்தாள். இருந்தது. மூடினாள்.

மூன்றாவது தடவை அவன் அவளைக் கையோடு இழுத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தான். நாலு நாளாக அவனுக்குத் தலைவலி வேறு. நெற்றியில் தைலம் மினுங்கிற்று.

"பாரு, இப்ப இல்ல."

"இருக்கேங்க."

"எங்க இருக்கு? இரு." கோட்டைப் பிடித்து வலது பக்கமாக இழுத்தான். பத்திரம் அகன்று திரையின் முக்கால்வாசிக்கு வந்தது. "இப்ப வந்துருச்சு. பாத்தியா? நான் இழுத்தாத்தான் வருது."

"முன்னாடியும் இருந்துச்சு. உங்களுக்கு ராத்தூக்கம் பத்தல."

"ஒம்பது வருஷமா எழுதுறேன், எனக்குத் தெரியாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அவன் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். அவனும் சிரித்தான். அவள் எழுந்துபோய் மூன்றாவது முறையாக மூடினாள்.

அவன் விடவில்லை. இடப்பக்கம் இருநூறு புள்ளிக்குக் கீழே ஒடுங்கக் கூடாது என்று இருந்த அளவைத் தொள்ளாயிரமாக்கினான். தொள்ளாயிரம் அகலத்தில் பத்திரம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. ஒழிந்தது சனியன் என்று பூவிழியிடம்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டான். மறுநாள் காலையிலேயே சென்னையிலிருந்து அனீஸா கூப்பிட்டாள். இருவருக்கும் மேலதிகாரி, பூவிழிக்கு அந்தக் காலத்து அறைத்தோழி.

"என்ன பூவிழி இது? சின்னத் திரை வச்சிருக்கவங்க எல்லாரும் கத்துறாங்க. பத்திரம் மொத்த எடத்தையும் அடைச்சுக்கிச்சு, டைப் பண்ண எடமே இல்ல. மாறன் இப்படிப் பண்ற ஆளே இல்லையே. வீட்ல எதுவும் பிரச்சனையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அவள் வீட்டிலிருந்து, அவள் கண்ணைத் தாண்டி இப்படி ஒரு குப்பை வெளியே போயிருக்கிறது! அவனைப் போய்க் கேட்டால், "குறை என் கோட்டுலதான் இருக்கு, கண்டுபுடிக்காம விடமாட்டேன்" என்று கத்தினான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவளிடம் அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ராஜராஜன் வந்து வாசலில் நின்றான். வேண்டாவெறுப்பாக "வாங்கண்ணே" என்றாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"என்ன தங்கச்சி, மாறன் போனே எடுக்க மாட்டேங்குறான். நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?"

"உங்களுக்கே தெரியணும். பந்தியில உக்கார வச்சு இலையில ஒண்ணும் வைக்காம விட்டா, யாரா இருந்தாலும் எந்திரிச்சுத்தான் வருவாங்க."

ராஜராஜன் முகம் செத்துப்போயிற்று. "வைக்கலையா? அந்த வரிசைக்கு நான்தானே பரிமாறுனேன்! இந்தக் கையாலதான் அவனுக்கு லட்டு வச்சேன், ரெண்டு வடை வச்சேன். அவன் தொடவே இல்ல தங்கச்சி. மூடுன இலைய எடுக்கறப்ப நானே பாத்தேன். பாதி இலை அப்படியே கெடந்துச்சு. நம்ம வீட்டுச் சாப்பாடு அவனுக்குப் புடிக்கல போலன்னு நான்தான் மனசு ஒடஞ்சு கெடந்தேன்."

ஏதோ சுருக்கென்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சோதிக்கிறவளின் புத்தி அப்போதுதான் விழித்துக்கொண்டது. விழித்து என்ன பிரயோசனம், விழிக்கவேண்டிய நாளில் தூங்கிவிட்டதே.

"அண்ணே, எந்தப் பாதி?"

"என்னது?"

"எந்தப் பக்கம் கெடந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ராஜராஜன் இலை முன்னால் உட்கார்ந்திருப்பவனைப் போலக் கையை வைத்துப் பார்த்தான். "நுனி இருக்குற பக்கம். இடப் பக்கம்."

நம் ஊரில் இலை போடுகிறவர்கள் தப்பியும் நுனியை வலது பக்கம் போட மாட்டார்கள். பூவிழி உள்ளே ஓடினாள்.

அவனுடைய கம்ப்யூட்டரைத் திறந்து, இரண்டு பாகத்தையும் இடம் மாற்றினாள். ஒரே ஒரு வரிதான் வேலை. பத்திரம் வலது பக்கம், டைப் அடிக்கிற இடம் இடது பக்கம். கோட்டைச் சரியாக நடுவில் நிறுத்தினாள். பிறகு அவனை எழுப்பிக் கூட்டிவந்து உட்காரவைத்தாள்.

"இப்ப பாருங்க. எது காணோம்?"

அவன் முகம் மலர்ந்தது. "அட! பத்திரம் வந்துருச்சு! என்னடி பண்ணுன?" சந்தோஷத்தில் அவள் கையைப் பிடிக்கத் துழாவினான். பிறகு புருவத்தைச் சுருக்கினான். "ஆனா டைப் பண்ற எடம் காணோமே பூவு."

இரண்டும் திரையில் பளிச்சென்று இருந்தன. அவள் பின்னாலேயே வந்து அறை வாசலில் நின்ற ராஜராஜனுக்குக்கூடத் தெரிந்தது. கோட்டில் ஒரு குறையும் இல்லை. பூவிழி அவனுடைய இடது தோளுக்கு எதிரே கையை நீட்டி மூன்று விரலை விரித்தாள்.

"இது எத்தனைங்க?"

"எது?"

"என் கை."

"நீ எங்க கைய நீட்டுன?"

அவள் அழுதுவிட்டாள். அவனுக்கு அப்போதும் விளங்கவில்லை. "ஏய், ஒரு டிக்கெட்டுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா? நான் சரி பண்ணிடுறேன்" என்று தேற்றினான். ராஜராஜன் காரை எடுத்தான்.

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டரம்மா பூவிழியை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"மூளையோட பின்பக்கம், வலது பாதி. ரத்தம் போகாம அடைச்சிருக்கும்மா. அங்கதான் ரெண்டு கண்ணுக்கும் இடப்பக்கப் பார்வை இருக்கு. பாதி தெரியலங்கறதே அவருக்குத் தெரியாது. அதான் இந்த நோவோட குணம். எப்பலேருந்து இப்படி இருக்காரு?"

"ஒரு காதுகுத்துக்குப் போன அன்னைலேருந்துங்க, பிப்ரவரி பதினெட்டு. இருபத்திரண்டாம் தேதி ஒரு தடவை சொன்னாரு. மார்ச் ஒண்ணு. மார்ச் ஆறு."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். "யாருமே இவ்வளவு சரியா தேதி சொன்னதில்லம்மா. அப்பவே ஏன் கூட்டிட்டு வரல? முதல் அடைப்பு சின்னதுதான். அப்ப வந்திருந்தா மருந்து குடுத்து அடுத்ததைத் தடுக்கப் பாத்திருக்கலாம். இது மூணு தடவை அடைச்சிருக்கு. போன பார்வை திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

தேதிகள் அவளுக்கு எப்படித் தெரியும் என்று டாக்டரம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று டிக்கெட்டுகளையும் போனிலேயே எடுத்துக் காட்டியிருப்பாள். ஒவ்வொன்றின் அடியிலும் அவளுடைய பேர் இருக்கிறது. பாவி, உன் கண்ணில் மண் விழுந்ததா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அந்த நடைவழியில் எவ்வளவு நேரம் நின்றாளோ, ராஜராஜன் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

மூன்றாம் நாள். கட்டிலின் வலது பக்கம் சலைன் ஸ்டாண்டு நின்றதால் அவள் ஸ்டூலை இடது பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தமிழ்மாறன் தூங்கி எழுந்ததும் வலக்கையால் தலையணைப் பக்கம் தடவி, போனை எடுத்து அனீஸாவைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டான். அறையில் யாரும் இல்லை என்று நினைத்திருக்கிறான். என்னங்க என்று கூப்பிட வாயெடுத்தவள், அவன் பேச ஆரம்பித்ததும் பேசாமல் இருந்துவிட்டாள்.

"அந்தத் தொள்ளாயிரத்தை மாத்தி இருநூறுன்னே வச்சிடுங்க மேடம். கோட்டுல ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்."

"வேலைய விடுங்க மாறன். உடம்பைப் பாருங்க. ஏன் இவ்வளவு நாளு ஆஸ்பத்திரிக்குப் போவாம இருந்தீங்க? உங்களுக்கே ஒரு சந்தேகம் வரலையா?"

"வந்துச்சுங்க. ரெண்டாவது தடவை நம்ம கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு தோணுச்சு. மன்னார்குடியில ஒரு கண் டாக்டர்கிட்ட டோக்கன்கூடப் போட்டேன். சும்மா பயமுறுத்த வேணாம்னு வீட்ல சொல்லல. அப்புறம் பூவிழி எங்கிட்டயே வந்து உக்காந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா. அவ பாத்து இல்லன்னா இல்லதான் மேடம். உங்களுக்குத் தெரியாதா? அவளை மாதிரி ஒரு டெஸ்டர் உண்டா? அதான் போவல."

அவன் குரலில் ஒரு பொட்டுக் குறை கிடையாது, முழுக்கப் பெருமைதான். அதைத்தான் பூவிழியால் தாங்கமுடியவில்லை. திட்டியிருந்தால்கூடக் காலில் விழுந்து அழுதிருப்பாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில், அவனுக்கு இல்லாத அந்தப் பாதியில் உட்கார்ந்திருந்தாள்.

போனை வைத்துவிட்டு அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்து, கால்மாட்டைச் சுற்றி, சலைன் ஸ்டாண்டை நகர்த்திவிட்டு வலது பக்கம் வந்து நின்றாள்.

"அட, எப்ப வந்த?" என்று கண்ணைத் திறந்தான்.

"இப்பத்தாங்க" என்றாள்.