அபராதப் பெட்டி

தராசில் ஏற மாட்டேன் என்று மகளிர் குழுக் கூடத்தின் தூணைக் கட்டிக்கொண்டாள் மாசினா. நாலு வயது, என் அக்கா லூசியாவின் மகள். மூன்று மாதம் முன்பு இருபத்தேழு கிலோ. படுத்தால் குறட்டை, ஓடினால் முழங்கால் வலி. இன்றும் எடை கூடியிருந்தால் எங்கள் தீவிலிருந்து கப்பலேற்றி, தலைநகர் அப்பியாவின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சீட்டு எழுதி வைத்திருப்பவள் நான்தான். அங்கே பிள்ளையை வாரக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள் என்று லூசியாவுக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் ஊரின் முதல் பட்டதாரி நர்ஸ் நான். அந்தப் பட்டத்தால் ஒரு சோடா பாட்டிலைக்கூட நிறுத்த முடியவில்லை. ஊர்ச்சபையில் போய் நின்றேன். பெரியவர்கள் நாள் முழுக்கப் பேசி விதி போட்டார்கள்: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சோடாவோ பாக்கெட் நூடுல்ஸோ கொடுத்தால் அபராதம். எங்கள் ஊரில் எந்தக் குற்றத்துக்கும் அபராதம் ஒன்றுதான். ஒரு பெட்டி டின் மாட்டிறைச்சி. வந்த பெட்டியை ஊரே பங்கு போட்டுக்கொள்ளும். அன்று யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

முதல் மாதமே பதினொரு பெட்டி. உப்பும் கொழுப்புமாக வீடு வீடாகப் போனது. அடுத்த எடை நாளில் அத்தனை பிள்ளைகளுக்கும் எடை ஏறியிருந்தது; மாசினாவின் இருபத்தேழு அன்றைக்கு வந்ததுதான். குழுத்தலைவி சியெனி மாமியின் முன் நின்று கத்தினேன்.

"பிள்ளைய குண்டாக்குனதுக்குத் தண்டனைன்னு கொழுப்பையே பங்கு போட்டுத் திங்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

பெரியவர்களிடம் அப்படிப் பேசக்கூடாது. சியெனி மாமி விசிறியை மடியில் வைத்தாள்.

"உங்க வீட்டுக்கு வந்த பங்க வேணாம்னு திருப்பி அனுப்புனியாடி, படிச்சவளே?"

அனுப்பவில்லை. சேப்பங்கிழங்கோடு நன்றாகவே தின்றேன். போதகரின் மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு மொத்தக் கூடமும்.

மறுநாளே மாமி சபைக்குப் போய் விதியை மாற்றினாள். குற்றம் செய்த வீடு ஒரு வாரம், மாலை ஜெபச் சங்கு ஊதும்வரை, ஊர்ப் பிள்ளைகளைக் கடலில் விளையாட வைக்க வேண்டும். லூசியா மூன்று முறை மாட்டினாள். நாலாவது வாரம் அபராதமே இல்லாமல் பிள்ளைகளோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏறுடி தங்கம்," என்று இப்போது அவள் கெஞ்சினாள். மாசினா தூணை விடவில்லை.

"தள்ளுங்க, இந்தத் திமிங்கலம் மொதல்ல ஏறுது," என்று சியெனி மாமி தராசில் ஏறினாள். "ஒடஞ்சா உங்க சித்தி வாங்கித் தருவா."

முள் கடைசி எண்ணில் போய் முட்டியது. மாசினா கிளுகிளுவென்று சிரித்துத் தூணை விட்டாள். ஏறினாள்.

இருபத்தேழு.

"கொறையலையா?" லூசியா குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

சுவரோடு நிறுத்தி உயரத்தை அளந்தேன். இரண்டாம் தடவையும் அளந்தேன்.

"கொறைய வேணாம்க்கா. எடை அப்படியே நிக்குது, ரெண்டு சென்டிமீட்டர் வளந்திருக்கா. இதான் வேணும்."

லூசியா பாயில் பொத்தென்று உட்கார்ந்து மூன்று நாளாக அடக்கியதையெல்லாம் அழுதாள். நான் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கிழித்தேன்.

அடுத்த பிள்ளைக்காகத் தராசுத் தட்டைத் துடைக்கத் துணி எடுத்தேன். அதில் கடலில் ஆடி ஒட்டிவந்த ஈர மணலில் இரண்டு சின்னப் பாதத் தடங்கள், பத்து விரல்களோடு. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தத் தடங்களின் மேலேயே அடுத்தவனை ஏறச் சொன்னேன்.