மூன்றாவது கை

அந்த மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் ஆறு இயந்திரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். நோயாளிகளின் விரிப்பும் போர்வையும் மருத்துவர்களின் அங்கியும் நாள் முழுக்க அவற்றின் வயிற்றுக்குள் புரண்டுகொண்டே இருக்கும். ஆறுக்கும் சேர்த்து ஒரே மெக்கானிக். பத்தொன்பது வருடமாக அவர்தான். அவருக்கு அங்கே காதுக்காரர் என்று பெயர். ஓர் இயந்திரம் கொஞ்சம் முனகினால் போதும், ஓட்டத்தை நிறுத்தாமலே அதன் முதுகில் காதை வைப்பார், கண்ணை மூடுவார், என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். திறந்து பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும்.

இடது கைச் சுண்டுவிரலில் அவருக்கு மேல் பாதி கிடையாது. ஒன்பதாவது வருடம் மூன்றாம் நம்பர் இயந்திரத்தின் பெல்ட் அதை வாங்கிக்கொண்டது. யாராவது கேட்டால், "அதுக்கும் ஆசை இருக்காதா?" என்று சிரிப்பார். கேட்டவர்களும் சிரிப்பார்கள். சிரிக்காத ஒரே ஆள் அவர் மனைவி. அவள் அதே கூடத்தின் மறுகோடியில் விரிப்பு மடிக்கிறவள். அவர் கை இயந்திரத்துக்குள் போகும்போதெல்லாம் இவள் கை பாதி மடித்த விரிப்போடு அப்படியே நின்றுவிடும். வெளியே வந்த பிறகுதான் அடுத்த மடிப்பு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இனி இயந்திரத்தைத் தொடுகிறவர்கள் எல்லாரும் ஒரு செயலி வழியாக நாற்பது பாடம் படித்து, தேர்வு எழுதி, செய்முறையும் செய்துகாட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மாதக் கடைசிக்குள் வாங்காதவர்களுக்குத் தள்ளுவண்டி. அழுக்குத் துணி மூட்டையை வார்டு வார்டாகப் போய் எடுத்து வருகிற வேலை.

காதுக்காரர் அதைப் படித்துவிட்டு, இந்த இயந்திரம் பால்குடி மறக்கிறதுக்கு முன்னாடியிருந்து அதைப் பார்த்துக்கிறவன் நான், எனக்குப் பாடமா என்றார். ஆனால் அன்று மதியம் அவர் பாதிச் சோற்றிலேயே கை கழுவியதை மனைவி பார்த்தாள். அந்த ஆறு இயந்திரத்தை விட்டுத் தள்ளுவண்டியைப் பிடித்தால் மனுஷர் ஒரு வருடத்தில் கிழவராகிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். அதனால் மனைவியின் போனில்தான் செயலியை இறக்கினார்கள். இறக்கிக் கொடுத்தது அவள் தம்பி. அதே மருத்துவமனையில் கிடங்குப் பையன் வேலையில் சேர்ந்து, இப்போது கிடங்குக்காரனாகிவிட்டவன். எதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பவன். செயலி முதலில் முகத்தைக் கேட்டது. மாமா கை கழுவி, முகம் கழுவி, தலைசீவி வரட்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் திரையில் ஒரு வட்டம் வந்தது. இது என்னடா வட்டம் என்று அக்கா எட்டிப் பார்த்தாள். டிக்கென்று ஒரு சத்தம். 'தங்கள் முகமும் இந்த எண்ணுக்குரிய பெயரும் பதிவாகிவிட்டன. வாழ்த்துகள்' என்றது போன்.

அழித்துப் பார்த்தார்கள். அணைத்துப் பார்த்தார்கள். உதவி எண்ணுக்குப் பேசினார்கள். அங்கே ஒரு பதிவுக் குரல், தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று முக்கால் மணி நேரம் சொல்லிவிட்டுத் தானே வைத்துவிட்டது.

"விடுக்கா, நீ முன்னாடி உக்காரு, மாமா பின்னாடி உக்காந்து பதில் சொல்லட்டும். சான்றிதழ் வந்தப்புறம் பேரை மாத்திக்கலாம்" என்றான் தம்பி. வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை.

அந்தச் செயலிக்கு ஒரு பழக்கம் இருந்தது. படிக்கிறவர் கண் திரையை விட்டு நகர்ந்தால் பாடத்தை நிறுத்திவிடும். ஆகவே தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவள் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். காதுக்காரர் பின்னால் நாற்காலியில் சாய்ந்து, பாடம் நடத்துகிறவரோடு வாதாடிக்கொண்டே இருந்தார். 'முதலில் கையேட்டைப் படிக்கவும்' என்று அவர் சொன்னால், இவர் அவரைப் பெற்றவர்கள் வரைக்கும் விசாரிப்பார். மூன்றாவது பாடத்திலேயே குறட்டை வந்தது. செயலி இவள் கண்ணைத்தான் பார்த்தது, அவர் குறட்டையை அது கண்டுகொள்ளவில்லை.

ஏழாவது பாடம் மின்சாரத்தை அணைத்துப் பூட்டுப் போடுவது பற்றி. இயந்திரத்தைத் திறக்குமுன் சிவப்பு சுவிட்சை அணை, அதில் ஒரு பூட்டைப் போடு, சாவியை உன்னிடமே வைத்துக்கொள், பிறகு கையை விடு. அவ்வளவுதான். அந்தப் பாடத்தை அவள் மூன்று முறை பார்த்தாள். யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

முதல் தேர்வில் அவர் சொல்லச் சொல்ல அவள் அழுத்தினாள். 'இயந்திரம் வழக்கத்துக்கு மாறாக அதிர்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?' நான்கு பதில் இருந்தது. "காது வெச்சுக் கேட்கணும். அது எங்க இருக்கு பாரு" என்றார் அவர். அது இல்லை. அதற்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதை அழுத்தச் சொன்னார். பத்தொன்பது வருட அனுபவத்துக்கு நூற்றுக்கு முப்பத்து நான்கு கிடைத்தது. அவர் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது.

மறுநாள் இரண்டாவது வாய்ப்பு. அவர் பின்னாலிருந்து பதில் சொன்னார். அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்ததை அழுத்தினாள். தொண்ணூற்றிரண்டு. "பார்த்தியா, நேத்து உன் விரல்தான் தப்பா பட்டிருக்கு" என்றார் அவர். ஆமாங்க, என் விரல்தான் என்றாள் அவள். அடுத்த நாள் கூடம் முழுக்க அந்தத் தொண்ணூற்றிரண்டு நடமாடியது. மேற்பார்வையாளரே வந்து காதுக்காரர் கையைக் குலுக்கினார். அவள் தலை குனிந்து விரிப்பு மடித்தாள்.

செய்முறைத் தேர்வுதான் மிச்சம். போனை எதிரே நிறுத்தி வைக்க வேண்டும், அதில் முகமும் கையும் இயந்திரமும் தெரிய வேண்டும், செயலியே பார்த்து மதிப்பெண் போடும். இரண்டே வாய்ப்பு. முகம் அவளுடையது, கை அவருடையதாக வேண்டும். தம்பி ஒரு வழி சொன்னான்.

ஷிப்ட் மாறுகிற நேரம் கூடம் காலியாக இருக்கும். தம்பி கதவருகே காவல் நின்றான். பழுதாகி அதிர்ந்துகொண்டிருந்த மூன்றாம் நம்பர் இயந்திரத்துக்கு முன்னால் அவள் நின்றாள், தன் இரண்டு கையையும் நீல அங்கிக்குள் மார்போடு கட்டிக்கொண்டு. அவர் அவளுக்குப் பின்னால் குனிந்து, கன்னத்தை அவள் முதுகில் ஒட்டி, தன் கைகளை அவள் அக்குளுக்கடியில் நுழைத்து முன்னால் நீட்டினார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நீல அங்கி, அவர் கையில் கையுறை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவ்வளவு நெருக்கமாக அவர்கள் பொது இடத்தில் நின்றதில்லை. "உங்களுக்கு முன்னாடி எதுவும் தெரியாதே" என்று அவள் முணுமுணுத்தாள். எனக்குக் காது போதும் என்று அவள் முதுகிலிருந்து பதில் வந்தது.

தேர்வு தொடங்கியது. அவருடைய கை நீண்டது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கை பத்தொன்பது வருடப் பழக்கத்தில் நேராகப் பெல்ட் மூடியிடம் போயிற்று. இடது கையுறையின் சுண்டுவிரல் நுனி காலியாகத் தொங்கி ஆடியதை அவள் பார்த்தாள். தூரத்திலிருந்து பார்த்த அதே காட்சி, இன்று அவள் மார்புக்கு நேராக.

அங்கிக்குள்ளிருந்து அவளுடைய கை ஒன்று பாய்ந்து வந்து சிவப்பு சுவிட்சை அடித்தது.

இயந்திரம் நின்றது. 'மூன்று கைகள் தென்படுகின்றன' என்றது போன். 'தேர்வில் ஒருவர் மட்டுமே பங்கேற்க வேண்டும். ஒரு வாய்ப்பு மீதமுள்ளது.'

காதுக்காரர் நிமிர்ந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏன் அணைச்ச?"

"நான் அணைக்கல. என் கை அணைச்சிருச்சு."

"ஓடுறப்பத்தான் அது பேசும். உனக்கென்ன தெரியும்?"

"பேசட்டுங்க. நீங்க கையைக் குடுத்துப் பதில் சொல்ல வேண்டாம். ஏழாம் பாடத்துல சொன்னாங்களே."

"ஏழாம் பாடத்துல நான் தூங்கிட்டேன்."

"நீங்க இருபத்தேழு பாடத்துல தூங்கினீங்க."

அவர் வாயைத் திறந்தார். பிறகு மெல்ல ஒரு கணக்குப் போட்டார். "அப்ப அந்தத் தொண்ணூத்திரண்டு?"

கதவருகே தம்பி கூரையை மிகக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினான்.

அவர் கையுறையைக் கழற்றினார். நான்கு விரல் சுலபமாக வந்தது. ஐந்தாவது எப்போதும் போல உள்ளே சுருண்டுகொண்டது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீயே பண்ணு" என்றார். கோபமா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் செய்தாள். அணைத்தாள், பூட்டினாள், சாவியைப் பையில் போட்டாள், ஒவ்வொரு படியாகப் போனாள். அவர் படத்தில் விழாத தூரத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் கையைப் பின்னால் கட்டி நின்றார். கோளாறு என்னவென்று அவருக்கு முதல் முனகலிலேயே தெரிந்திருந்தது. சொல்லக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டார். நான்கு நிமிட வேலை நாற்பத்தொரு நிமிடம் நடந்தது. பதினோராவது படியில் அவளுடைய ஸ்பேனர் தரையோடு பிணைக்கிற கால் போல்ட்டைத் தொட்டு, அது தளர்ந்து ஆடியபோது, அவர் விட்ட மூச்சு கதவு வரைக்கும் கேட்டது.

தொண்ணூற்றாறு.

சான்றிதழ் வந்தது, அவள் முகத்தோடும் அவள் பேரோடும். தம்பி பேரை மாற்ற உதவி எண்ணுக்குப் பேசினான். முகத்தை மாற்ற வழியில்லை, வேண்டுமானால் அவர் புதிதாகச் சேரட்டும், அடுத்த வகுப்பு ஆறு மாதம் கழித்து என்றார்கள். மேற்பார்வையாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சான்றிதழில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் மெக்கானிக், நான் மேலே பதில் சொல்ல வேண்டும் என்றார். மெக்கானிக் தன் பொறுப்பில், சான்றிதழ் இல்லாத ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ள விதியில் இடமிருந்தது. அந்த இடத்தில் காதுக்காரரைப் போட்டார்கள். தள்ளுவண்டி தப்பியது.

இரண்டு நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஐந்தாம் நம்பர் இயந்திரம் முனகத் தொடங்கியது. அவள் கையேட்டைப் புரட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வந்து நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், காது வைக்கலாமா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வைங்க. கை?"

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். ஓடுகிற இயந்திரத்தின் முதுகில் காதை வைத்தார். கண்ணை மூடினார். "பேரிங்கு. இடப்பக்கம்" என்றார். அவள் அணைத்தாள், பூட்டினாள், சாவியைப் பையில் போட்டாள். அதன் பிறகுதான் அவர் கை உள்ளே போயிற்று. இடப்பக்கத்துப் பேரிங்கேதான். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

முடித்த வேலையைச் செயலியில் பதிய வேண்டும். 'கோளாறைக் கண்டறியப் பயன்படுத்திய கருவி எது?' என்று அது கேட்டது. மீட்டர், ஸ்பேனர் என்று ஒரு பட்டியல். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அந்தத் தொண்ணூற்றிரண்டோடு போதும். 'மற்றவை' என்பதை அழுத்தி, காது என்று எழுதினாள். 'இக்கருவி பட்டியலில் இல்லை. தெளிவான படம் எடுத்து அனுப்பவும்' என்றது.

"ஏங்க, கொஞ்சம் திரும்புங்க."

அவர் திரும்பினார். அவள் காதைப் படம் எடுத்து அனுப்பினாள். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. கருவி ஏற்கப்பட்டது, சொந்தக் கருவி என்பதால் அதன் பாதுகாப்புக்கு மெக்கானிக்கே பொறுப்பு என்று எழுதியிருந்தது.

அவள் அதை அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.