நாற்பத்துமூன்று விளிம்புகள்

புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு நீலாம்பாள் ஓர் எண்ணை மாற்றினாள். அதன் பிறகு இரண்டு நாளாக அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அது என்ன எண் என்று சொல்வதற்கு முன் அவள் வேலையைச் சொல்லிவிட வேண்டும்.

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் அவர்கள் ஆபீஸ். பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு வடிவமைக்கும் இடம். எண்பத்தொன்பதில் முதலாளி சிவராமகிருஷ்ணன் அங்கே ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்தார். பத்து வருஷமாக வரைபலகை முன் நின்றுகொண்டிருந்த நீலாம்பாளை அதன் எதிரே உட்காரவைத்தார். முதல் வேலை, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் டெலிபோன் மேல்மூடி.

அச்சு என்பது எஃகில் இரண்டு பாதி. ஒன்றில் குழி, இன்னொன்றில் அந்தக் குழிக்குள் நுழையும் மேடு. இரண்டையும் இறுக மூடினால் நடுவே மூடியின் கனத்துக்கு வெற்றிடம் இருக்கும். உருகிய பிளாஸ்டிக் அதற்குள் பாய்ந்து இறுகினால் மூடி தயார். குழியும் மேடும் சந்திக்கும் விளிம்பில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே ஒரு மயிரிழை பிசகினாலும் பிளாஸ்டிக் அதைக் கண்டுபிடித்து வெளியே வழியும். மூடியின் ஓரத்தில் பிசிராக நிற்கும்.

கம்பெனி மூடியின் வடிவத்தைக் காந்த நாடாவில் அனுப்பியிருந்தது. நாடாவில் இருந்தது மூடியின் தோல் மட்டும், உள்ளே சதை கிடையாது. அதுவும் ஒரே தோல் அல்ல, இருநூற்றுச் சொச்சம் வளைந்த துண்டுகள். அவர்கள் கம்ப்யூட்டர் ஒரு வகை, இங்கே இருப்பது வேறு வகை. இரண்டுக்கும் பொதுவான ஒரு வடிவில் எழுதி அனுப்பும்போது வளைவுகள் கொஞ்சம் தேய்ந்துவிடும். அங்கே ஒட்டியிருந்த துண்டுகள் இங்கே வந்து இறங்கும்போது விலகி நின்றன. விலகிய விளிம்புகளைத் திரை சிவப்பாகக் காட்டியது. எண்ணிப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு.

ஒன்றை மூடுவது தையல் வேலை மாதிரி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துண்டுகளின் ஓரத்தையும் பிரித்துவிட்டு, இரண்டையும் சற்று நீட்டி ஒன்றையொன்று வெட்டச் செய்ய வேண்டும். எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அந்தக் கோட்டில் இரண்டையும் நறுக்கினால் இடைவெளி போய்விடும். கட்டளை கொடுத்தபின் மெஷின் முக்கால் மணி நேரம் யோசிக்கும். கரண்டு போனால் முதலிலிருந்து. ஒன்பது நாளில் எழுபத்தைந்தைத் தைத்து முடித்தாள். கடினம் என்று கடைசிக்கு வைத்த நாற்பத்துமூன்றும் குழியும் மேடும் சந்திக்கும் விளிம்பிலேயே இருந்தன.

"முடியலைன்னா சொல்லிடு நீலா" என்று சிவராமகிருஷ்ணன் அன்பாகத்தான் சொன்னார். "நாடாவை பெங்களூருல வேற ஆளுக்கு அனுப்பிடறேன். நீ பழையபடி போர்டுக்குப் போயிடு."

"முடிஞ்சிடும் சார்" என்றாள். திங்கள்கிழமை எஃகு வெட்டத் தொடங்குவோம் என்று அவர் கம்பெனிக்கு டெலக்ஸில் செய்தி அடித்துவிட்டார்.

இப்போது அந்த எண். இரண்டு விளிம்புகள் எவ்வளவு நெருங்கினால் அவற்றை ஒன்றாகக் கருதலாம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் எண் அது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று வைத்திருந்தாள். புதன்கிழமை மூன்றாம் தடவை கரண்டு போய் வந்தபோது, கண் எரிய, அதை நூறில் பதினைந்து பங்கு என்று மாற்றினாள். நாற்பத்துமூன்று சிவப்பும் ஒரே மூச்சில் பச்சையாயின. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் சுவரின் விரிசல் மறைவதுபோல. எந்த விளிம்பும் நகரவில்லை.

வெள்ளிக்கிழமை, எஃகு வெட்டும் மெஷின் படிக்கும் காகித நாடாவில் துளைகள் விழுந்து முடிந்தன.

சனிக்கிழமை காலை நாணு வந்தார். தோப்பும்படி பட்டறையில் எஃகு வெட்டும் மெஷின் அவர் பொறுப்பு. வாசலில் குடையை உதறிவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"மோளே, டேப் எவிடெ? நனைஞ்சா நம்ம மெஷின் டெலிபோனை விட்டுட்டு மீன்சட்டி வெட்டும்."

"பிஸ்கட் டப்பாவுல பத்திரமா வச்சிருக்கேன் சேட்டா."

"பிஸ்கட்டும் உண்டோ?"

"அதை சார் தின்னுட்டார்."

உள்ளறையிலிருந்து சிவராமகிருஷ்ணனின் கனைப்பு கேட்டது. கீழேயிருந்து சாயா வந்தது. நாணு பையிலிருந்து ஒரு பித்தளைத் தகட்டையும் சுத்தியலையும் எழுத்து உளியையும் எடுத்து மேசையில் வைத்தார். பட்டறை வழக்கம் அது. வரைந்தவர் தன் பெயரின் முதல் எழுத்தைத் தகட்டில் அடித்துக் கொடுக்க வேண்டும். அதை எஃகுக் கட்டியில் திருகிய பிறகுதான் நாணு மெஷினைத் தொடுவார்.

"கம்ப்யூட்டருக்குக் கையில்லே. நீதான் அடிக்கணும். உனக்கும் இங்கிலீஷ் 'என்', எனக்கும் அதே 'என்'. சாதனம் நல்லா வந்தா அது என்னோட எழுத்துன்னு ஞான் சொல்லிக்கும்."

"வரலைன்னா?"

"அப்போ உன்னோடது!"

சிரித்துக்கொண்டே உளியை நிறுத்தினாள். சுத்தியலை ஓங்கினாள். கை இறங்கவில்லை.

"சேட்டா, ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல எவ்வளவு இடைவெளி இருந்தா பிசிர் வரும்?"

"நூறுல மூணு மதி, அதுவே போதும், ஒழுகும். எந்தா இப்போ பரீட்சை?"

"இதுல சில இடத்துல பன்னெண்டு இருக்கு."

நாணு சாயா கிளாஸைக் கீழே வைத்தார். சிவராமகிருஷ்ணன் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

"நேத்து எல்லாம் பச்சையா காமிச்சியே?"

"பச்சையாத்தான் இருக்கு சார். எண்ணை மாத்தி நான்தான் பச்சையாக்கினேன். விளிம்பு எதுவும் சேரலை."

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். "பிசிர்தானே? கத்தியால சீவிக்கலாமே?"

"லட்சம் மூடி சாரே" என்றார் நாணு. "ஆரு சீவறது, சாரா?"

"இப்போ வெட்டிட்டு, அப்புறம் சரி பண்ணினா?"

"வெட்டி எடுத்த இரும்பை எங்ஙனே திரும்ப வைக்கும்?"

கீழே சுக்கு மூட்டைகள் இறங்கும் சத்தம் கேட்டது. சிவராமகிருஷ்ணன் நெற்றியைத் தேய்த்தார். "எத்தனை நாள் வேணும்?"

"நாப்பத்திமூணு விளிம்பு சார். கரண்டு ஒத்துழைச்சா, இன்னிக்கும் சேர்த்து அஞ்சு நாள். ஞாயிறு கணக்கில்லே."

"வியாழன் சாயந்திரம் வரைக்கும்தான். டெலக்ஸுக்கு நான் ஏதாவது சொல்லிக்கறேன். முடியலைன்னா வெள்ளி காலையில கம்பெனி அனுப்பின நாடா பெங்களூர் போகும். அப்புறம் என்கிட்ட வருத்தப்படக்கூடாது." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாணு குடையை மட்டும் எடுத்தார். பிஸ்கட் டப்பாவை எடுக்கவில்லை. "தகடு இங்கே இருக்கட்டே. வியாழன் ஞான் வரும்" என்று படியிறங்கினார்.

நீலாம்பாள் எண்ணைப் பழையபடி மாற்றினாள். நாற்பத்துமூன்று சிவப்பும் அப்படியே திரும்பி வந்தன. இடப்பக்க மூலையிலிருந்த முதல் விளிம்பைத் தேர்ந்தெடுத்து, இரண்டு துண்டுகளையும் நீட்டி, வெட்டச் சொன்னாள். மெஷின் யோசிக்கத் தொடங்கியது. ஆறிப்போன சாயாவை எடுத்தாள். பசித்தது.