நனைந்த மணல் நிறம்

வீட்டிலும் சரி, வேலையிலும் சரி, அவளுக்குப் பெயர் குட்டி. முப்பத்தைந்து வயதாகிறது, காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது, இருந்தாலும் குட்டிதான். கோடைக்கும் கடற்கரைக்கும் உடுப்பு தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவள்தான் டிசைனர். தொளதொள சட்டை, நாடா வைத்த அரைக்கால் டவுசர், அகல விளிம்புத் தொப்பி, ஈரத்துணியைச் சுருட்டி எடுத்துவர ரப்பர் பை, பலகையோடு அலைமேல் ஏறுகிற சர்ஃபிங்காரர்களுக்கு உடம்போடு ஒட்டிய முழுக்கை உடுப்பு, எல்லாம் அவள் கைப்படப் பிறப்பவைதான். இதில் வேடிக்கை என்னவென்றால், முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் அம்மணிக்கு மூச்சு முட்டும். கரையில் நின்று வேடிக்கை பார்த்தே கடலை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கோடைக்கு அவள் ஒரு நிறம் கண்டுபிடித்திருந்தாள். ‘கண்டுபிடித்தேன்’ என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அலை வந்துவிட்டுத் திரும்பும்போது கரை மணல் ஒரு கணம் பளபளக்குமே, அந்த நிறம். அதற்காகச் சாயக்காரரை அவள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மஞ்சள் தூக்கல் என்பாள், சாம்பல் பூத்துவிட்டது என்பாள், மனுஷன் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். கடைசியில் வந்துசேர்ந்த துணியைப் பார்த்ததும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதில் ஒரு சர்ஃபிங் உடுப்பு வெட்டினாள். உள்ளே லைனிங் துணி கொடுத்தால் வயிற்றுப் பக்கம் சுருங்கி அழகு கெட்டது. லைனிங்கையே எடுத்துவிட்டாள்.

இந்த மாதிரி உடுப்புக்கு ஒரு சோதனை உண்டு. சாம்பிளை ஒருத்தி போட்டுக்கொண்டு குளியலறையில் தொப்பலாக நனைந்து, வந்து ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். நனைந்தால் சில துணி கண்ணாடியாகிவிடும், வெளிர் நிறம் என்றால் கேட்கவே வேண்டாம். வழக்கமாக இதற்கு நிற்பவள் வரவேற்பில் இருக்கும் பெண். அந்த வாரம் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். குட்டிக்குப் பொறுமை ஏது? மேஜையோரம் தலையும் கையும் இல்லாமல் நிற்கிற தையல் பொம்மைக்கு உடுப்பை மாட்டினாள், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள், சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த துணி எப்படியோ நனைந்த துணியும் அப்படியே, இன்னும் கொஞ்சம் அழகாக.

அந்தப் பொம்மைக்குப் போர்த்தியிருந்த துணியும் மணல் நிறம்தான் என்பது அவள் மண்டையில் உறைக்கவே இல்லை. வருஷக்கணக்காக ஊசி குத்தும் பொம்மை. அதற்கென்று ஒரு நிறம் இருப்பதே மறந்துபோயிருந்தது.

உடுப்பைக் கடற்கரையில் காட்டப்போவதாக முதலாளியம்மா சொன்னார். பெரிய கடைகளுக்குச் சரக்கு தேர்ந்தெடுக்கிற பையர் மேடம் நேரில் வருகிறாராம். “ரெண்டு பேர் மாடல் பொண்ணுங்க இருக்காங்க. ஆனா எல்லாம் ஒடிஞ்சு விழற மாதிரி இருந்தா அந்தம்மாவுக்குப் பிடிக்காது. சதைப்பிடிப்பா, நிஜமா அலையில இறங்கற ஒருத்தி வேணும்” என்றார். குட்டி கையைத் தூக்கிவிட்டாள். “எங்க அண்ணி இருக்காங்க!”

அண்ணி இருந்தாள், அது உண்மைதான். பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் பூராவும் ‘வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம் திறங்க’ என்று சொல்லிச் சொல்லி வீட்டில் சோறு போடும்போதும் அதுதான் வாயில் வரும். மகள் ஹாஸ்டலுக்குப் போனபிறகு வீடு வெறிச்சோடிப்போய், யாரிடமும் சொல்லாமல் சர்ஃபிங் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். கறுப்பு டீஷர்ட்டும் பழைய பைஜாமாவும்தான் அவள் சீருடை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவாள், குப்புற விழுவாள், மூக்கெல்லாம் உப்பாகத் திரும்பி வந்து, “இன்னிக்கும் பலகைமேல நிக்கல குட்டி, ஆனா முட்டி போட்டேன்” என்பாள். அண்ணி இந்த வீட்டுக்கு வந்தபோது குட்டி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தலைவாரிவிட்டதிலிருந்து, ‘இவ டிசைன்தான் படிப்பா, யாரும் குறுக்க பேசாதீங்க’ என்று வீட்டோடு மல்லுக்கு நின்றதுவரை எல்லாம் அண்ணிதான்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணி சிரித்தாள். “போடி! என் இடுப்பைப் பாத்தா கடல் தானா பின்வாங்கிடும்.”

“பின்வாங்கினா நல்லதுதானே, அடுத்த அலை பெருசா வரும்.”

“விளையாடாத குட்டி. வயித்துல ஆபரேஷன் தழும்பு இருக்கு. உங்க அண்ணன் எதிர்லயே நான் வெளிச்சத்துல புடவை மாத்தறதில்ல. நாலு பேர் முன்னாடி ஒட்டிக்கிட்டு நிக்கிற துணியில எப்படி?”

“கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் மூடுது அண்ணி. நனைஞ்சாலும் ஒரு புள்ளி தெரியாது, நானே தண்ணி ஊத்திப் பாத்தேன். என்னை நம்பமாட்டீங்களா?”

அண்ணி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். “உன்னை நம்பாம வேற யாரை நம்பறது?” என்று சொல்லி உடுப்பை வாங்கி உடம்பில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். “நல்லாத்தான் இருக்கு, இல்ல?” என்று கேட்டபோது அவள் முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சந்தோஷம் இருந்தது. குட்டி அதைக் கவனித்தாள். பெருமையாகவும் இருந்தது.

அந்த நாளும் வந்தது. கடற்கரையில் ஒரு கூடாரம், கம்பியில் வரிசையாகச் சட்டைகள், மேஜையில் தொப்பியும் பையும். முதலாளியம்மா, அலுவலகத்து ஆட்கள், போட்டோகிராபர், சர்ஃபிங் வகுப்புக்காரர்கள் என்று நல்ல கூட்டம். குட்டி பையர் மேடத்தின் பக்கத்தை விட்டு நகரவில்லை. தலைவழியாகப் போட்டுக்கொள்கிற துவாலைத்துணி அங்கி ஒன்றைக் கையில் விரித்துக்காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். “தண்ணியிலேர்ந்து வந்ததும் அப்படியே மாட்டிக்கலாம் மேடம். கழுத்துலேர்ந்து முட்டி வரைக்கும் மறைச்சிடும். பொம்பளைங்களுக்குக் கடற்கரையில பெரிய தொல்லையே அதானே.” நாக்கில் தேன் தடவினாற்போலப் பேச்சு வந்தது.

அப்போதுதான் கடலோரம் ஒரு கூச்சல் கிளம்பியது. அண்ணி பலகைமேல் நின்றுவிட்டாள்! முட்டி போட்டவள் எழுந்து, கையை இரண்டு பக்கமும் விரித்து, தள்ளாடித் தள்ளாடி, ஆனால் விழாமல், அலையோடு கரைவரைக்கும் வந்துவிட்டாள். வகுப்புக்காரர்கள் விசிலடித்தார்கள். முழங்காலளவு தண்ணீரில் குதித்து, பலகையை இழுத்துக்கொண்டு, சிரித்த முகமாக நடந்துவந்தாள். தண்ணீரை விட்டு வெளியே வந்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

“குட்டீ! பாத்தியா? நின்னுட்டேன்டீ!”

குட்டி பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். உடுப்பு என்று ஒன்று அண்ணி மேல் இருந்ததாகவே தெரியவில்லை. பூப்போட்ட உள்ளாடை பூப்பூவாகத் தெரிந்தது. தொடையின் மடிப்பு தெரிந்தது. அடிவயிற்றுத் தழும்பு, அண்ணனுக்குக்கூட வெளிச்சத்தில் காட்டாத அந்தத் தழும்பு, வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. விசில் நின்றுவிட்டது. போட்டோகிராபர் நல்லவர், காமிராவைத் தாழ்த்திக்கொண்டார். மாடல் பெண்களில் ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு களுக்கென்று சிரித்தாள்.

ஓட வேண்டாமா? கையில் அங்கி இருக்கிறது. இந்த நேரத்துக்கென்றே அவள் தைத்த அங்கி. இருபதடி ஓடியிருந்தால் போதும். குட்டியின் கால் மணலில் ஊன்றியபடி நின்றது. மனசு ஓடியது, ஆனால் பொம்மையிடம் ஓடியது. பொம்மையும் மணல் நிறம், அட பாவி, பொம்மையும் மணல் நிறம் என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

“அவங்க உங்களையா கூப்பிடறாங்க?” என்று பையர் மேடம் கேட்டார்.

“இல்ல மேடம்” என்றாள் குட்டி.

வார்த்தை வெளியே வந்துவிட்டது. வந்ததோடு விட்டிருக்கலாம். நாக்கு அடங்கவில்லை. “யாருன்னு தெரியல. சர்ஃபிங் வகுப்புல யாரோ. அளவு பாக்காம சின்ன சைஸை இழுத்து மாட்டிக்கிட்டாங்க போல. துணி ரொம்ப இழுபட்டா அப்படித்தான் ஆகும்.” சொல்லிவிட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அங்கியோடு சேர்த்துத் தைத்த தலைத்தொப்பியைப் பற்றி விளக்க ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அண்ணிக்கு அதற்குள் புரிந்துவிட்டது. குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். யாரையும் கூப்பிடவில்லை. பலகையை நிமிர்த்தி, கதவைப் பிடிப்பதுபோல முன்னால் பிடித்துக்கொண்டு, மணலில் மெல்ல மெல்ல நடந்து வந்தாள். காற்று பலகையைத் தள்ளியது, அவள் விடவில்லை. உடை மாற்றுகிற கொட்டகைக்குப் போகிற வழி கூடாரத்தை ஒட்டித்தான். குட்டியின் முதுகுக்குப் பின்னாலேயே அந்தப் பலகை கடந்து போனது. ஈரக்கால் மணலில் அழுந்துகிற சத்தம் கேட்டது. குட்டி திரும்பவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் பொம்மைக் கதையை அவளே முதலாளியம்மாவிடம் ஒப்புக்கொண்டாள். அளவு தப்பில்லை, துணிதான் தப்பு என்று பையர் மேடத்துக்கும் போன் செய்து சொன்னாள். போட்டிருந்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. முதலாளியம்மா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டார். குட்டி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அந்தத் திட்டு அவளுக்கு இதமாகவே இருந்தது. இன்னும் நாலு திட்டினால் தேவலை என்றிருந்தது. தப்பைச் சொல்லியாகிவிட்டது, திட்டும் வாங்கியாகிவிட்டது, மணல் நிறம் இனி லைனிங்கோடுதான் வரும், முடிந்தது கதை என்று மனசைத் தேற்றப் பார்த்தாள். மனசு அவ்வளவு முட்டாள் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மணல் நிற உடுப்பு அலசிக் காயவைத்து, அயர்ன் போட்டதுபோல மடிந்து, குட்டியின் துணி அடுக்கில் இருந்தது.

“என்னால உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடலையே?” என்று அண்ணிதான் முதலில் கேட்டாள். “அதெல்லாம் ஒல்லியா இருக்கிறவங்க போடவேண்டியது. என் உடம்புக்குத் தாங்கல. உன் துணி மேல தப்பில்ல குட்டி.”

குட்டிக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. “ஐயோ அண்ணி, துணிதான் தப்பு. உங்க உடம்புல ஒரு தப்பும் இல்ல” என்று பொம்மைக் கதையைக் கொட்டினாள். காய்ச்சல், வாளித் தண்ணீர், பொம்மையின் நிறம், ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போதே அழுகையும் வந்தது.

அண்ணி கேட்டுக்கொண்டே ஒரு பாவாடையின் நாடாவைச் சீராக்கினாள். “பொம்மைக்கு என்ன, வெக்கமா மானமா?” என்று லேசாகச் சிரித்தாள். பிறகு கையை நிறுத்திவிட்டு, குட்டியின் முகத்தை நேராகப் பார்த்தாள். “அவ்வளவுதானா?”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய்ப்பைத் தட்டில் வைத்து நீட்டியாகிவிட்டது. குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணி தண்ணீருக்குப் பக்கத்தில்தானே நின்றாள், பலகைக்குப் பின்னால்தானே வந்தாள், காற்று வேறு, ஒன்றும் கேட்டிருக்காது என்று ஒரு கணக்குப் போட்டாள்.

“அவ்வளவுதான் அண்ணி.”

“சரி” என்று அண்ணி அடுத்த துணியை எடுத்தாள்.

அந்த வாரம் வீடு வழக்கம்போலத்தான் இருந்தது. அண்ணி பேசினாள், சிரித்தாள், ‘வாயைத் திறங்க’ என்று அண்ணனிடம் சோற்றுக் கரண்டியை நீட்டினாள். குட்டியிடம் எதையும் குறைக்கவில்லை. கடற்கரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. பலகைமேல் நின்றதைக்கூட அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அத்தனை நாள் விழுந்து விழுந்து சம்பாதித்த சந்தோஷத்தைத் தான்தான் வாயடைத்துவிட்டோம் என்பது குட்டிக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. இனிமேல் அவள் கடலுக்கே போகாமல் இருந்துவிட்டால்? அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வந்தால், அண்ணி பழைய கறுப்பு டீஷர்ட்டில் வாசலில் நின்று பையில் துண்டை அடைத்துக்கொண்டிருந்தாள். குட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“போறீங்களா அண்ணி? இருங்க, இருங்க, நானும் வரேன். ரெண்டே நிமிஷம்.”

“நீ எதுக்கு? தூங்கு போ.”

“நீங்க நிக்கிறத நான் பாக்க வேணாமா? கரையில நின்னு கை தட்டறேன்.”

அண்ணி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கோபமாக இருந்தால் குட்டி தாங்கியிருப்பாள். குரலில் கோபமே இல்லை, உடம்பு சரியில்லாத பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பரிவாகத்தான் பேசினாள்.

“வேணாம் குட்டி. அங்க யாராவது என்னைக் காட்டி யாருன்னு கேட்டா, பாவம், நீ என்ன சொல்லுவ?”

எங்க அண்ணி என்று சொல்ல வாயெடுத்தாள் குட்டி. அன்றைக்கு வராத வார்த்தையை இன்றைக்கு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.